கிளவுட்: எதை வாடகைக்கு எடுப்பது, எதைக் கையில் வைத்திருப்பது

1902 ஜூன் 30 அன்று, காவிரியின் சிவனசமுத்திரத்தில் தயாரான மின்சாரம் சுமார் 147 கிலோமீட்டர் கடந்து கோலார் தங்கவயலுக்கு வந்து சேர்ந்தது. அக்காலத்தில் உலகின் மிக நீண்ட மின்தடங்களில் அதுவும் ஒன்று. பெங்களூரின் தெருவிளக்குகளுக்கே மின்சாரம் 1905-இல்தான் வந்தது. அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே தங்கவயலின் உரிகம், சாம்பியன் ரீஃப் சுரங்கங்களில் அது இயந்திரங்களை ஓட்டிக்கொண்டிருந்தது.

அதுவரை தங்கவயல் சுரங்கங்கள் தமக்கு வேண்டிய விசையைத் தாமே உண்டாக்கிக்கொண்டன. விறகும் நிலக்கரியும் வாங்க வேண்டும், கொதிகலன்களைக் காக்க வேண்டும், நீராவி எஞ்சின் பழுதானால் சரிசெய்ய ஆட்களை வைத்திருக்க வேண்டும். தங்கம் எடுப்பதுதான் தொழில். ஆனால் விசை உண்டாக்குவதே இன்னொரு தொழிலாக அதன்மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. திவான் சேஷாத்ரி ஐயர் காலத்தில் மைசூர் அரசு ஒரு மாற்று வழியை முன்வைத்தது: மின்சாரத்தை அரசு தயாரித்துக் கொண்டுவந்து தரும், சுரங்கக் கம்பெனிகள் ஒப்பந்தப்படி விலை கொடுக்கும். ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் நிர்வகித்த சுரங்கங்கள் அதற்கு ஒப்புக்கொண்டன.

கணினி விஷயத்தில் இன்று ஒவ்வொரு நிறுவனமும் எடுக்க வேண்டியிருக்கும் முடிவும் இதுவே. சொந்தமாகச் சர்வர் வாங்கி, குளிர்சாதன அறையில் வைத்து, ஆள் போட்டுப் பராமரிப்பதா, அல்லது எங்கோ ஒரு டேட்டா சென்டரில் இருக்கும் கணினித் திறனை வேண்டும்போது எடுத்துக்கொண்டு, எடுத்த அளவுக்குக் காசு கொடுப்பதா? தங்கவயலின் ராபர்ட்சன்பேட்டையில் கணக்கு எழுதும் சிறு கடைக்கும் பெங்களூரின் பெரிய கம்பெனிக்கும் கேள்வி ஒன்றுதான். தினமும் விடியற்காலையில் தங்கவயலின் மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூருக்கு ரயில் ஏறும் ஆயிரக்கணக்கானோரில் கணினி வேலைக்குப் போகிறவர்களும் உண்டு. அவர்களின் பிழைப்போடும் இந்தக் கேள்வி பின்னிக் கிடக்கிறது. கிளவுட் என்பது என்ன, எப்போது லாபம், எங்கே ஆபத்து, சட்டம் என்ன சொல்கிறது என்று முழுவதையும் ஒருமுறை பார்த்துவிடுவோம்.

எது கிளவுட், எது இல்லை

கணினித் திறனும் ஒருநாள் தொலைபேசியைப் போலப் பொதுச் சேவையாக விற்கப்படலாம் என்று கணினி அறிஞர் ஜான் மெக்கார்த்தி 1961-இலேயே சொன்னார். அது நடைமுறைக்கு வரச் சுமார் நாற்பது ஆண்டுகள் ஆயின. 1999-இல் தொடங்கிய சேல்ஸ்ஃபோர்ஸ் நிறுவனம் வணிக மென்பொருளை இணையம் வழியாக வாடகைக்குத் தந்தது. 2006 மார்ச்சில் அமேசான் சேமிப்பிடத்தையும், அதே ஆண்டு ஆகஸ்டில் கணினிகளையும் வாடகைக்கு விடத் தொடங்கியது. கூகுளும் மைக்ரோசாஃப்டும் பின்தொடர்ந்தன.

இணையத்தில் இருப்பதையெல்லாம் கிளவுட் என்று விற்பவர்கள் பலர். அதனால் அமெரிக்காவின் தேசியத் தர, தொழில்நுட்ப நிறுவனம் 2011 செப்டம்பரில் வெளியிட்ட வரையறையைக் கையில் வைத்துக்கொள்வது நல்லது. அது ஐந்து அடையாளங்களைச் சொல்கிறது. வேண்டியதை யாரையும் கேட்காமல் நாமே எடுத்துக்கொள்ள முடிய வேண்டும். எந்தக் கருவியிலிருந்தும் வலைப்பின்னல் வழியாக எட்ட வேண்டும். பல வாடிக்கையாளர்கள் ஒரே வளத்தொகுப்பைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். தேவைக்கேற்பச் சட்டென்று கூட்டவும் குறைக்கவும் முடிய வேண்டும். பயன்பாடு அளக்கப்பட வேண்டும். யாரோ ஒருவரின் சர்வரில் ஓர் ஆண்டுக்கு இடம் பிடித்து, மொத்த வாடகை கட்டி, கூடுதல் இடம் வேண்டுமானால் போன் செய்து காத்திருப்பது பழைய ஹோஸ்டிங்தான்.

கூட்டிக் குறைக்கும் வசதியில்தான் நூற்றாண்டு மாற்றம் தெரிகிறது. தங்கவயல் கூடுதல் மின்சாரம் கேட்டபோது சிவனசமுத்திரத்தில் புதிய இயந்திரங்கள் வந்து இறங்கிப் பொருத்தப்படும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இன்று தேர்வு முடிவு வெளியாகும் நாளில் பத்து சர்வரை நூறாக்கவும், மறுநாள் மீண்டும் பத்தாக்கவும் சில நிமிடங்கள் போதும்.

மூன்று அடுக்குகள்

சேவை மூன்று வகையில் வருகிறது. முதலாவது உள்கட்டமைப்புச் சேவை: வெறும் கணினி, சேமிப்பிடம், வலைப்பின்னல். ஆப்பரேட்டிங் சிஸ்டம் முதல் மேலே உள்ளதெல்லாம் நம் பொறுப்பு. இரண்டாவது தளச் சேவை: தரவுத்தளம் போன்றவற்றை வழங்குநரே நடத்துவார், நாம் நம் புரோகிராமையும் தரவையும் கொடுத்தால் போதும். மூன்றாவது மென்பொருள் சேவை: முழு மென்பொருளும் தயாராக இருக்கும்; உள்ளே போய் வேலையைப் பார்க்க வேண்டியதுதான். மேலே போகப் போக வேலை குறையும். கூடவே நம் பிடியும் குறையும்.

மூன்றாவது அடுக்கில் தமிழ்நாட்டுக்குத் தனி இடம் உண்டு. 1996-இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கிய சோஹோ, பெரிய கிளவுட் நிறுவனங்களின் கணினிகளை வாடகைக்கு எடுக்காமல் தன் மென்பொருளைத் தன் சொந்த டேட்டா சென்டர்களிலேயே நடத்துகிறது. தென்காசி அருகே மத்தளம்பாறையிலிருந்தும் அதன் பொறியாளர்கள் வேலை பார்க்கிறார்கள். 2010-இல் சென்னையில் பிறந்த ஃபிரெஷ்வொர்க்ஸ் 2021 செப்டம்பரில் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்டது. உலகுக்கு மென்பொருளை வாடகைக்கு விடும் தொழிலைத் தமிழ்நாட்டில் இருந்தபடியே செய்யலாம் என்பதற்கு இவ்விரண்டுமே சாட்சி.

கணினிகள் எங்கே இருக்கின்றன என்பதைப் பொறுத்தும் பிரிவுகள் உண்டு. எல்லோருக்கும் பொதுவானது பொதுக் கிளவுட். ஒரே நிறுவனத்துக்கென அமைந்தது தனியார் கிளவுட். இரண்டும் கலந்தது கலப்புக் கிளவுட். ஒரே வகைத் தேவையுள்ள அமைப்புகள் சேர்ந்து நடத்துவது சமூகக் கிளவுட். இந்திய அரசு தன் துறைகளுக்காக ‘மேகராஜ்’ என்ற திட்டத்தை வைத்திருக்கிறது. பெரிய வழங்குநர்களும் இந்தியாவுக்குள் வந்துவிட்டார்கள். மைக்ரோசாஃப்ட் 2015-இல் புனே, சென்னை, மும்பையில் மையங்களைத் திறந்தது. அமேசான் 2016-இல் மும்பையிலும் 2022-இல் ஹைதராபாத்திலும், கூகுள் 2017-இல் மும்பையிலும் 2021-இல் டெல்லியிலும் திறந்தன. தரவு நாட்டைவிட்டு வெளியே போகுமே என்ற பழைய தயக்கம் இன்று தேவையில்லை. மையத்தைத் தேர்ந்தெடுக்கும்போது இந்தியாவைக் குறித்தால் போதும். ஆனால் அதைக் குறிக்க மறக்கக் கூடாது.

பில் எப்படி ஏறுகிறது

முதல் அடுக்கில் கிடைக்கும் ஒரு மெய்நிகர் கணினியைத் தொடங்கும் வேலையைக் கிட்டே போய்ப் பார்ப்போம். திரையில் முதலில் மையத்தைத் தேர்ந்தெடுக்கிறோம்; மும்பை என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பிராசஸர், 4 ஜி.பி. நினைவகம் என்று அளவைச் சொல்கிறோம். லினக்ஸா விண்டோஸா என்று கேட்கும். விண்டோஸ் என்றால் உரிமக் கட்டணமும் சேரும். டிஸ்க் அளவு கேட்கும். கடைசியாக, வெளியிலிருந்து யார் எந்த வாசல் வழியாக உள்ளே வரலாம் என்று கேட்கும். அவசரத்தில் ‘எல்லோரும்’ என்று விட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த ஒரு சொடுக்கில்தான் பல திருட்டுகள் தொடங்குகின்றன. ‘தொடங்கு’ என்றால் ஓரிரு நிமிடத்தில் கணினி தயார். மீட்டரும் ஓடத் தொடங்கிவிடும்.

மணிக்கு 5 ரூபாய் வாடகை என்று வைத்துக் கணக்குப் போடலாம். இரவும் பகலும் ஓடினால் 30 நாளில் 720 மணி நேரம், 3,600 ரூபாய். அலுவலக நேரம் மட்டும், நாளுக்கு 10 மணி, மாதம் 26 நாள் என்றால் 260 மணி நேரம், 1,300 ரூபாய். அணைத்துவைக்கும் பழக்கம் ஒன்றே மூன்றில் இரண்டு பங்குக்கு அருகே மிச்சம் செய்கிறது. ஆனால் கணினியை நிறுத்தினாலும் டிஸ்க்குக்கான வாடகை நிற்காது. பொது இணைய முகவரிக்கும் கட்டணம் உண்டு. அமேசான் 2024 பிப்ரவரி முதல் ஒவ்வொரு பொது ஐ.பி.வி4 முகவரிக்கும் வசூலிக்கிறது. மைக்ரோசாஃப்ட் அஸூரில் விண்டோஸுக்குள் போய் ‘ஷட் டவுன்’ கொடுத்தால் மட்டும் போதாது. மேலாண்மைத் திரையிலிருந்து விடுவித்தால்தான் கணினி வாடகை நிற்கும். தரவை உள்ளே ஏற்றுவது பெரும்பாலும் இலவசம், வெளியே எடுக்கத்தான் காசு. முதல் மாத பில்லைக் கண்டு அதிர்கிறவர்கள் இந்த நாலு இடத்தில் ஒன்றில்தான் தவறியிருப்பார்கள். கணக்குத் திறந்த அன்றே செலவு வரம்பு எச்சரிக்கையை அமைத்துவிட வேண்டும்.

அப்படியானால் கிளவுட் மலிவா? ஏறி இறங்கும் வேலைக்கு மலிவு. எவ்வளவு வளரும் என்று தெரியாத புதுத் தொழிலுக்கும் மலிவு, ஏனென்றால் முதலீடு முடங்காது. பத்துப் பேர் வேலை செய்யும் அலுவலகத்துக்கு மின்னஞ்சலையும் கோப்புச் சேமிப்பையும் மென்பொருள் சேவையாக வாங்குவது பெரும்பாலும் மலிவு. ஆனால் ஆண்டு முழுக்க மாறாமல் ஓடும் பெரிய வேலைக்குக் கணக்கு மாறிவிடும். டிராப்பாக்ஸ் 2016 வாக்கில் தன் சேமிப்பின் பெரும்பகுதியை அமேசானிலிருந்து சொந்தக் கணினிகளுக்கு மாற்றியது. இரண்டே ஆண்டில் சுமார் 7.5 கோடி டாலர் செலவு குறைந்ததாகப் பங்கு வெளியீட்டு ஆவணத்தில் சொன்னது. 37சிக்னல்ஸ் என்ற சிறிய மென்பொருள் நிறுவனமும் 2022-இல் கிளவுடைவிட்டு வெளியேறுவதாக அறிவித்து, சொந்தச் சர்வர் வாங்கிச் செலவைக் குறைத்துக்கொண்டது. இரண்டிலுமே சர்வரைப் பராமரிக்கத் தெரிந்த பொறியாளர்கள் இருந்தார்கள் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அத்தகைய ஆட்கள் இல்லாத நிறுவனம் அதே வழியில் போனால் நட்டப்படும்.

ஆறு வற்றினால்?

சிவனசமுத்திரத்திலிருந்து வந்த மின்சாரத்துக்கு ஒரு குறை இருந்தது. கோடையில் காவிரியில் நீர் குறைந்தால் தங்கவயலுக்கு விசை குறையும். 1911-இல் பொறியாளர் விஸ்வேஸ்வரய்யா காவிரியில் தொடங்கிவைத்த கிருஷ்ணராஜசாகர் அணைக்குப் பாசனம் ஒரு காரணம். சுரங்கங்களுக்கு ஆண்டு முழுவதும் தடையில்லாத மின்சாரம் தருவது இன்னொரு காரணம். தொலைவிலிருந்து வரும் சேவையை நம்புகிறவர்கள் அந்தச் சேவைக்குப் பின்னால் என்ன காப்பு இருக்கிறது என்று கேட்டே ஆக வேண்டும் என்பதைத் தங்கவயல் அன்றே உணர்ந்திருந்தது.

வழங்குநர்கள் ஒப்பந்தத்தில் எத்தனை சதவீத நேரம் சேவை கிடைக்கும் என்று எழுதித் தருகிறார்கள். 99.9 சதவீதம் என்றால் கேட்க நன்றாக இருக்கும். ஆண்டுக்கு சுமார் 8 மணி 45 நிமிடம் சேவை இல்லாமல் போகலாம் என்பதுதான் அதன் பொருள். 99.99 என்றால் சுமார் 53 நிமிடம். வாக்குத் தவறினால் பெரும்பாலும் அடுத்த பில்லில் கொஞ்சம் கழிவு தருவார்கள். நம் வியாபார நட்டத்தை ஈடுகட்ட மாட்டார்கள். 2025 அக்டோபர் 20 அன்று அமேசானின் வர்ஜீனியா மையத்தில் ஒரு தரவுத்தளச் சேவையின் முகவரிப் பதிவில் ஏற்பட்ட கோளாறு உலகெங்கும் ஏராளமான செயலிகளை முடக்கியது.

சேவை நின்றால் திரும்பி வரும். தரவு போனால் வராது. பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓ.வி.எச். நிறுவனத்தின் டேட்டா சென்டர் 2021 மார்ச் 10 அன்று எரிந்தது. நகலையும் அதே இடத்தில் வைத்திருந்த வாடிக்கையாளர்கள் எல்லாவற்றையும் இழந்தார்கள். 2025 செப்டம்பர் 26 அன்று தென்கொரியாவின் தேஜோன் நகரில் அரசு டேட்டா சென்டர் எரிந்தபோது, அரசு ஊழியர்களின் கோப்புகள் இருந்த 858 டெராபைட் சேமிப்பு அழிந்தது. அதற்கு வெளி நகல் இல்லை. இந்த இரண்டுக்கும் நேர்மாறானது ஆஸ்திரேலியாவின் யூனிசூப்பர் என்ற ஓய்வூதிய நிதியம். 2024 மே மாதம் கூகுள் கிளவுடில் நேர்ந்த ஓர் அமைப்புப் பிழையால் அதன் தனியார் கிளவுட் சந்தாவே அழிக்கப்பட்டது. வேறொரு வழங்குநரிடமும் வைத்திருந்த நகல் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்களுக்கான சேவையை மீட்க உதவியது. அழிவு மூன்று இடத்திலும் பெரியது. பிழைத்தது வெளியே நகல் வைத்திருந்தவர் மட்டுமே.

நகல் எடுத்தால் மட்டும் போதாது, அதிலிருந்து மீட்டுப் பார்க்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வேறொரு கணினியில் நகலைத் திறந்து, கடந்த மாதக் கணக்கு வருகிறதா என்று பார்ப்பதற்குப் பெரிய தொழில்நுட்பம் தேவையில்லை. சிறு ஊர்களில் இன்னொன்றும் முக்கியம்: சாலை தோண்டும்போது ஃபைபர் அறுந்தால் கிளவுடும் கைக்கு எட்டாது. அலுவலகத்துக்கு இரண்டாவது இணைப்பாக வேறொரு நிறுவனத்தின் மொபைல் டேட்டாவாவது இருக்க வேண்டும்.

மின்சாரத்துக்கும் தரவுக்கும் உள்ள வேறுபாடு

இதுவரை மின்சாரக் கதை நம்மை நன்றாகவே வழிநடத்தியது. இனி இரண்டும் பிரிகின்றன. சிவனசமுத்திரத்தில் இருந்தவர்களிடம் சுரங்கங்கள் எதையும் ஒப்படைக்கவில்லை. மின்சாரம் ஒரே திசையில் வந்தது; தங்கமும் கணக்குப் புத்தகமும் தங்கவயலிலேயே இருந்தன. கிளவுடிலோ நம் கணக்கு, வாடிக்கையாளர் பட்டியல், நோயாளியின் குறிப்பு எல்லாம் அங்கே போகின்றன. அதனால் மின்வாரியத்திடம் கேட்காத கேள்விகளைக் கிளவுட் வழங்குநரிடம் கேட்க வேண்டும்.

முதல் கேள்வி, பாதுகாப்பு யார் பொறுப்பு? கட்டடம், மின்சாரம், வன்பொருள் வழங்குநருடையவை. கடவுச்சொல், அனுமதி, திறந்துவிட்ட வாசல், தரவு நம்முடையவை. அமெரிக்காவின் கேபிட்டல் ஒன் வங்கியிலிருந்து 2019-இல் சுமார் 10 கோடி அமெரிக்கர்களின் விவரம் வெளியேறியதற்கு, தவறாக அமைக்கப்பட்ட ஃபயர்வால் முக்கியக் காரணம். இரட்டைச் சரிபார்ப்பு, ஒவ்வொருவருக்கும் தேவையான அளவு மட்டுமே அனுமதி, வேலையைவிட்டுப் போனவரின் கணக்கை அன்றே மூடுவது என்ற மூன்றும் விலை உயர்ந்த எந்த மென்பொருளையும்விட அதிகம் காக்கும்.

இரண்டாவது, சட்டம். 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, தரவைக் கிளவுட் நிறுவனம் கையாண்டாலும் பொறுப்பு அதைச் சேகரித்த நிறுவனத்துக்கே. தகுந்த பாதுகாப்பு செய்யாவிட்டால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் உண்டு. கணினி ஊடுருவல் நடந்தால் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2022 ஏப்ரல் உத்தரவு. மின்னணுக் கணக்கு வைத்திருக்கும் கம்பெனிகள் அதன் நகலை இந்தியாவில் உள்ள சர்வரில் நாள்தோறும் வைக்க வேண்டும் என்பது அதே ஆண்டு திருத்தப்பட்ட கம்பெனிக் கணக்கு விதி. பணப் பரிவர்த்தனைத் தரவு இந்தியாவில் மட்டுமே சேமிக்கப்பட வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஏப்ரலிலேயே சொல்லிவிட்டது.

மூன்றாவது, வெளியேறும் வழி. 2025 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியத்தின் தடைப்பட்டியலில் நயாரா எனர்ஜி சேர்ந்தது. குஜராத்தில் சுத்திகரிப்பு ஆலை நடத்தும் இந்தியக் கம்பெனி அது. மைக்ரோசாஃப்ட் அதன் மின்னஞ்சல் உள்ளிட்ட சேவைகளை நிறுத்தியது. நயாரா டெல்லி உயர் நீதிமன்றம் சென்றது. சில நாளில் சேவை திரும்பியது. காசு கட்டியிருந்தும், இந்தியச் சட்டத்தை மீறாமலிருந்தும் இது நடந்தது. ஒரே ஒன்றை நம்பி நிற்பதன் விலையைத் தங்கவயலுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. வேலை, வீடு, தண்ணீர், மருத்துவமனை எல்லாவற்றுக்கும் பாரத் தங்கச் சுரங்க நிறுவனத்தையே நம்பியிருந்த ஊர் இது. 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டபோது அத்தனையும் ஒன்றாகச் சரிந்தன. ஆகவே சேரும்போதே கேட்க வேண்டும்: என் தரவை எந்த வடிவில் திருப்பித் தருவீர்கள், எத்தனை நாளில், எவ்வளவு செலவில்? வெளியேறும் வாடிக்கையாளரிடம் தரவை எடுத்துச் செல்லக் கட்டணம் வாங்குவதில்லை என்று 2024-இல் கூகுளும் அமேசானும் அறிவித்தன. ஆனால் ஒரே வழங்குநரிடம் மட்டும் இருக்கும் தனிச் சேவைகளின்மேல் மென்பொருளைக் கட்டினால், கட்டணம் இல்லாவிட்டாலும் எளிதில் வெளியேற முடியாது.

எதை அனுப்பலாம், யார் கற்கலாம்

மின்னஞ்சல், கோப்புப் பகிர்வு, வெளி நகல், இணையதளம், சோதனைக் கணினிகள் ஆகியவற்றை முதலில் கிளவுடுக்கு அனுப்பலாம். கணக்கு, சம்பளம் போன்றவற்றை நகலும் மீட்பும் சோதித்த பிறகு அனுப்பலாம். தொழிற்சாலையில் இயந்திரத்தை நொடிக்கு நொடி கட்டுப்படுத்தும் கணினி உள்ளேயே இருக்கட்டும். இணைப்பு அறுந்தால் இயந்திரம் நிற்கக் கூடாது.

சிஸ்டம் அட்மின் வேலை போய்விடுமோ என்று அஞ்சுகிறவர்களுக்கு ஒரு சொல். டிஸ்க் மாற்றும் வேலை குறையும். அனுமதிகளை வகுப்பது, செலவைக் கணக்கிடுவது, நகலிலிருந்து மீட்பது, ஒரே சொடுக்கில் அமைப்பு முழுவதையும் திரும்ப எழுப்பும் ஸ்கிரிப்ட் எழுதுவது ஆகியவை கூடும். லினக்ஸ், வலைப்பின்னல், எஸ்.க்யூ.எல். ஆகிய மூன்றையும் நன்றாகக் கற்றவருக்கு எந்த வழங்குநரின் திரையும் சில வாரத்தில் பழகிவிடும். சான்றிதழை மட்டும் துரத்துகிறவருக்கு ஒரு திரைதான் தெரியும். எல்லாப் பெரிய வழங்குநரும் கற்றுக்கொள்ள இலவச அளவு தருகிறார்கள். தங்கவயலிலிருந்து ரயிலில் போய் வரும் இளைஞர்கள் வீட்டிலிருந்தே பயிலலாம்.

கிளவுட் வேண்டாம் என்று ஒதுங்குவது இன்று பெரும்பாலான சிறு நிறுவனங்களுக்கு அறிவான முடிவல்ல. எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வதும் அப்படியே. கணினித் திறனைத் தயங்காமல் வாடகைக்கு எடுங்கள். தரவின் ஒரு நகல், அதைத் திறக்கும் சாவி, அதை மீட்கத் தெரிந்த ஓர் ஆள் ஆகிய மூன்றையும் எந்த ஒப்பந்தத்திலும் விட்டுக்கொடுக்காதீர்கள். உங்கள் நிறுவனத்தில் இம்மூன்றும் இருக்கின்றனவா என்று இந்த வாரமே பாருங்கள்.